முதல் மோட்டார் சைக்கிள்: தேர்வு செய்யும் முறை

முதலில் வாங்கும் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வதற்கான வண்டி. ஓட்டுபவர் தவறு செய்யும்போது அது எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த வண்டி பெரும்பாலும் பிளஸ் டூ முடிந்து கல்லூரி திறப்பதற்கு முந்தைய விடுமுறையில் வீட்டுக்கு வருகிறது. எதை வாங்குவது என்பதைச் சீனியர் மாணவர்கள் கல்லூரி வாசலில் நிறுத்தும் வண்டி ஒரு பக்கம் முடிவு செய்கிறது, வீட்டுப் பெரியவர்களின் ஆசை மறுபக்கம் முடிவு செய்கிறது. மகன் ரேஸ் பைக் கேட்டுச் சாப்பிடாமல் அடம்பிடிக்கிறான். தன் காலத்தில் வாங்க முடியாமல் போன புல்லட்டை அவனுக்கு வாங்கித் தரத் தந்தை நினைக்கிறார். மகள் என்றால் பேச்சுக்கே இடமில்லாமல் ஸ்கூட்டர். ஓட்டப்போகிறவரின் உயரம், கைப்பலம், அவர் தினமும் போகப்போகிற சாலை ஆகிய மூன்றையும் யாரும் கேட்பதில்லை.

வயது விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, 16 வயதில் கிடைக்கும் உரிமம் 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டுமே. மற்ற எல்லாவற்றுக்கும் 18 நிறைய வேண்டும். வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றத்தில் சிக்கினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. பதினேழு வயதில் வண்டியை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு, தொடாதே என்று சொல்வது நடக்கிற காரியம் அல்ல. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், அது வாங்கி 30 நாள் கழிந்த பிறகே தேர்வுக்குப் போக முடியும். கியர் வண்டியில் எட்டு போட்டுக் காட்டினால்தான் கியர் வண்டிக்கான உரிமம். ரேஸ் பைக் வைத்திருப்பவர்கள்கூட அன்றைக்கு மட்டும் தெரிந்தவரிடம் ஒரு ஸ்பிளெண்டரை இரவல் வாங்கி வருவதை ஆர்.டி.ஓ. மைதானங்களில் பார்க்கலாம். எந்த வண்டியில் கற்றுக்கொள்வது எளிது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது உடம்புக்கு வண்டி பொருந்துகிறதா என்பது. சீட் உயரம் 780, 790 மில்லிமீட்டர் இருந்தால் நடுத்தர உயரமுள்ளவரின் இரண்டு கால்களும் தரையில் நன்றாகப் பதியும். 815 என்றால் குட்டையானவர்களுக்கு நுனிக்கால்தான். சமதளத்தில் நுனிக்கால் போதும் என்று தோன்றும். ரோட்டோர மண் சரிவிலோ மழைத் தண்ணீர் மூடிய பள்ளத்திலோ கால் வைத்த இடம் ஓர் அங்குலம் இறங்கிவிட்டால் வண்டி சாய்ந்துவிடும், சாயத் தொடங்கிய 150 கிலோவைப் புதியவரால் தாங்கிப் பிடிக்க முடியாது. ஷோரூமில் பலரும் வண்டியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வதோடு இறங்கிவிடுகிறார்கள். தினமும் போடுகிற செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் காலால் உந்தியே வண்டியை வாசல் சரிவில் பின்னோக்கி ஏற்றிப் பார்க்க வேண்டும். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பும்போது எதிர்ப்பக்கக் கை எட்டுகிறதா, டேங்குக்கும் பிடிக்கும் நடுவில் கட்டைவிரல் நசுங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனையை எந்த விற்பனையாளரும் மறுக்க மாட்டார்.

நூறு முதல் 125 சிசி வரையிலான சாதாரண வண்டிகள் எல்லோரும் அறிந்தவை. 1994 முதல் ஓடும் ஸ்பிளெண்டர் 97.2 சிசி, ஏறத்தாழ 8 குதிரைத்திறன், 112 கிலோ, சீட் உயரம் 785 மில்லிமீட்டர். ஷைன், பிளாட்டினா, டிவிஎஸ் ஸ்போர்ட் எல்லாம் இதே குடும்பம். ரெய்டர் போன்ற புதிய 125 சிசி வண்டிகள் 11 குதிரைத்திறனைத் தாண்டினாலும் எடை 123 கிலோதான். கிளட்சைப் பட்டென்று விட்டால் இவை பெரும்பாலும் ஆஃப் ஆகி நின்றுவிடும், முன்னால் பாய்வது அபூர்வம். கற்றுக்கொள்பவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. கீழே போட்டால் இண்டிகேட்டரும் கிளட்ச் லீவரும் உடையும், சில நூறு ரூபாயில் எந்த ஊர் மெக்கானிக்கும் மாற்றித் தந்துவிடுவார். பின்சக்கரத்தை ஒட்டிய சேலை கார்டும் சமமான நீள சீட்டும் இருப்பதால் அம்மா ஒரு பக்கமாக உட்கார்ந்து மார்க்கெட்டுக்கு வரலாம். நான்கு கியர் நூறு சிசி வண்டியில் கை பழகியவர்களின் ஓட்டத்தில் கடைசி வரை ஒரு நிதானம் இருக்கும். நான்குவழிச் சாலையில் தினமும் நாற்பது கிலோமீட்டர் போக வேண்டியவருக்கு மட்டும் 125 சிசி நல்லது.

இவ்வகையில் ஓர் எச்சரிக்கை. ஸ்பிளெண்டரில் நான்கு கியரும் காலால் முன்னே அழுத்திப் போடுவது. பல்சர், அப்பாச்சி போன்றவற்றில் முதல் கியர் மட்டுமே கீழே, மற்றவை மேலே. ஸ்பிளெண்டரில் பழகியவர் நண்பனின் பல்சரை வாங்கி ஓட்டும்போது, கியர் ஏற்றுவதாக நினைத்து அழுத்தினால் கியர் இறங்கும். வேகத்தில் அப்படி இறங்கினால் பின்சக்கரம் பிடித்து வழுக்கும். இரவல் வண்டியில் ஏறும் முன் கியர் வரிசையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்கூட்டர் நகரத்துக்குள் போய்வர வசதியானது. சிறிய சக்கரங்கள் என்பதால் குண்டும் குழியுமான கிராமச் சாலையில் தடுமாறும். மின்சார ஸ்கூட்டர்களுக்கும் இதே குறை உண்டு, வீட்டில் சார்ஜ் போட இடமும் வேண்டும். மகளுக்கு ஸ்கூட்டர் என்று கேட்காமலே தீர்மானிப்பது நியாயமல்ல. கியர் வண்டி ஓட்ட விரும்பும் பெண்ணுக்கு 112 கிலோ ஸ்பிளெண்டர் கனமான வண்டியே அல்ல.

நூற்றைம்பது, நூற்றறுபது சிசியில் யூனிகார்ன், அப்பாச்சி, பல்சர் 150 போன்றவை ஏற்கெனவே ஓரளவு ஓட்டத் தெரிந்தவருக்குப் பொருந்தும். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றிலும் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம் என்பது இவற்றுக்குக் கூடுதல் பலம். உயரமான, உடல்வாகுள்ள ஒருவர் இங்கிருந்தே தொடங்குவதிலும் தவறில்லை.

அதிகம் எச்சரிக்க வேண்டியது ரேஸ் பைக் என்று மாணவர்கள் அழைக்கும் வண்டிகளைப் பற்றி. 2008இல் வந்த யமஹா ஆர்15, 2012இல் வந்த கேடிஎம் டியூக் 200, பல்சர் என்எஸ்200 ஆகியவை நன்றாகச் செய்யப்பட்ட வண்டிகள். பிரேக் நல்லது, டயர் நல்லது, சேசிஸ் உறுதியானது. முதல் வண்டியாக மட்டும் அவை தவறு. ஆர்15க்கும் யூனிகார்னுக்கும் இழுவை ஏறத்தாழ ஒன்றுதான், 14 நியூட்டன் மீட்டர். யூனிகார்ன் அதை நிமிடத்துக்கு 5,500 சுற்றுக்குள் தந்துவிடுகிறது. ஆர்15இல் அது முழுதாகக் கிடைக்க எஞ்சின் 7,500 சுற்றுக்குப் போக வேண்டும். ஆகவே பஸ் நிலைய நெரிசலில் ஊர்ந்து போகும்போது புதியவரின் கையில் வண்டி அடிக்கடி ஆஃப் ஆகும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். பதற்றத்தில் அவர் ஆக்சிலேட்டரைக் கூடுதலாக முறுக்கிக் கிளட்சை விடுவார், வண்டி பாயும். டியூக் 200இல் 25 குதிரைத்திறன், ஸ்பிளெண்டரைப் போல மூன்று மடங்கு. நின்ற இடத்திலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்தை அது சுமார் நான்கு வினாடியில் எட்டிவிடும். அந்த நேரத்துக்குள் கண் பார்த்து, மனம் முடிவெடுத்து, கை பிரேக்கைப் பிடிக்கும் பழக்கம் புதியவருக்கு வந்திருக்காது.

பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 40இல் போகும்போது நிற்க எடுக்கும் தூரம், 60இல் இரண்டேகால் மடங்கு, 80இல் நான்கு மடங்கு. ஏ.பி.எஸ். இருக்கிறதே என்பார்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது காக்கும், தாமதமாகப் பிரேக் பிடித்தவருக்கு இழந்த தூரத்தை அதனால் திருப்பித் தர முடியாது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இருசக்கர வண்டியில் போனவர்கள். வேகமே அதில் முதன்மைக் காரணம். இந்தக் கணக்கைப் படித்த பிறகும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் கையில் 25 குதிரைத்திறனைக் கொடுக்க மனம் வருகிறது என்றால், வீட்டில் யாரோ ஒருவர் தடுத்தாக வேண்டும்.

அன்றாடச் சிரமங்களும் உண்டு. ஆர்15 போன்றவற்றின் தாழ்ந்த ஹேண்டில்பார் உடலின் எடையை மணிக்கட்டில் இறக்கும். அரை மணி நேர நெரிசலில் கை மரத்துப்போகும், திரும்பிப் பார்க்கக் கழுத்து வளையாது. ஹேண்டில் திரும்பும் கோணம் குறைவு என்பதால் சந்தில் யூ டர்ன் போட இரண்டு முறை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். பின்சீட் உயர்ந்து சரிந்திருப்பதால் பின்னால் இருப்பவரின் எடை ஒவ்வொரு பிரேக்கிலும் ஓட்டுபவரின் முதுகில் வந்து விழும். மூடியில்லாத செயினுக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை லூப் அடிக்க வேண்டும். நின்றபடி சாய்ந்தாலே ஃபேரிங் பிளாஸ்டிக் கீறும், உடையும், செலவு ஆயிரக்கணக்கில் போகும். கற்றுக்கொள்ளும் காலத்தில் வண்டி ஒருமுறையாவது சாயாமல் இருக்காது. விலை நூறு சிசி வண்டியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2022இல் நிர்ணயித்த ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு 150 சிசி வரை 3,851 ரூபாய், அதற்கு மேல் 350 சிசி வரை 7,365 ரூபாய். ஆர்15 155 சிசி என்பதால் இரண்டாவது பிரிவில் விழுகிறது. எப்படியும் பிறகு பெரிய வண்டி வேண்டும், இப்போதே வாங்கிவிடலாம் என்று பெற்றோர் நினைப்பது பள்ளிச் சீருடையை ஒரு சுற்றுப் பெரிதாகத் தைப்பதைப் போன்றது. சீருடையை மடித்துத் தைத்து உடுத்தலாம், எஞ்சினை மடித்துத் தைக்க முடியாது.

புல்லட் குடும்பத்தின் குறை வேறு. சென்னை திருவொற்றியூரில் வளர்ந்த இந்த வண்டிகள் குறைந்த சுற்றிலேயே மென்மையாக இழுக்கும். அந்த வகையில் புதியவருக்கு ஒத்துப்போகும் குணம்தான். ஆனால் கிளாசிக் 350 எடை 195 கிலோ. விழுந்தால் தனியாளாகத் தூக்குவது கடினம், சரிவில் தள்ளுவது அதைவிடக் கடினம். ஹண்டர் 181 கிலோ, கொஞ்சம் தாழ்வு. இரண்டு வருடம் வேறு வண்டி ஓட்டிய பிறகு வாங்கினால் இவற்றின் அருமை தெரியும்.

புதிதா, செகண்ட் ஹேண்டா என்ற கேள்வியில், முதல் வண்டிக்குச் செகண்ட் ஹேண்டே மேல். கீறல் விழுந்தால் மனம் வலிக்காது, மூன்று வருட டியூ கழுத்தில் விழாது. பார்க்கப் போகும்போது வண்டி ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போனதும் எஞ்சினில் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் ஸ்டார்ட்டிங் டிரபிளை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கக்கூடும். சைலன்சரில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். முன் ஃபோர்க்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் தரையைவிட்டு எழும்படி பின்பக்கம் ஒருவர் அழுத்த, ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் எங்கும் தட்டக் கூடாது. தட்டினால் கோன் செட் மாற்ற வேண்டும். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். கடன் பாக்கியும் அபராத பாக்கியும் இல்லை என்று உறுதியான பிறகே பணம் கொடுக்க வேண்டும். எந்த வண்டியானாலும், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள இரண்டு ஹெல்மெட்டுக்கான பணத்தை வண்டி விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஓட்டும் திறமை எல்லோருக்கும் ஒரே வேகத்தில் வருவதில்லை. சிலருக்குக் கிளட்சும் ஆக்சிலேட்டரும் ஒரு வாரத்தில் கைவசமாகும், சிலருக்கு இரண்டு மாதம் ஆகும். தாமதமாகக் கற்றவர் மோசமாக ஓட்டுவார் என்று இல்லை, பல நேரங்களில் அவர்தான் கவனமாக ஓட்டுகிறார். பிள்ளைகள் அவசரப்பட வேண்டாம், பெற்றோர் அவசரப்படுத்தவும் வேண்டாம். விடியற்காலையில் காலி மைதானத்தில் முன் பிரேக்கைப் படிப்படியாக இறுக்கி நிறுத்திப் பழக வேண்டும். மழைக்காலம் ஒன்றை முழுதாக ஓட்டிக் கடக்க வேண்டும். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு மேம்பாலச் சரிவில் நின்று கிளம்பத் தெரிய வேண்டும். இவை கைவந்த பிறகு 160 சிசிக்கோ 200 சிசிக்கோ மாறுவது பாதுகாப்பானது.

அப்போது பழைய வண்டியை விற்பவர் அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்குபவருக்கு 30 நாள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு நிறுத்தாமல், ஆர்.சி. புதியவர் பெயருக்கு மாறியதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பெயர் மாறும் வரை அந்த வண்டியால் ஏற்படும் விபத்துக்குப் பதிவில் உள்ளவரே உரிமையாளராகப் பொறுப்பாவார் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.