பாய்க்கப்பல் மாதிரி: மரமும் கயிறும்

மாதிரிக் கப்பல் கட்டுவோர் பலரும் ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஒன்றின் மாதிரிப் பாகங்கள் அடங்கிய பெட்டியை வாங்கித்தான் தொடங்குகிறார்கள். அதைவிட அன்னபூரணி நல்ல தொடக்கம். 1930-இல் இலங்கையின் வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டப்பட்ட வணிகக் கப்பல் அது; நீளம் 89 அடி, அகலம் 19 அடி, பாய்மரம் இரண்டே. வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. பீரங்கி வரிசை இல்லாதது புதியவருக்குப் பெரிய வசதி. 1:64 அளவில் உடல் 42.4 செ.மீ. நீளமும் 9 செ.மீ. அகலமும் வரும், வீட்டு அலமாரியில் அடங்கும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் மரம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பால்மரப் (ரப்பர்) பலகை. அதில் மாவுச்சத்து அதிகம். மருந்தூட்டாவிட்டால் நீலப்பூஞ்சையும் துளைப்பூச்சியும் ஏறிவிடும். மருந்தூட்டியதைப் பீடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். உடலுக்கு ஜெலுத்தோங் ஏற்றது. அதுவும் பால் வடியும் மரம்தான். அந்தப் பால் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்யப் போனது. இழை நேரானது, கத்திக்கு இணங்கும். பால்குழாய் இருந்த இடங்களில் மட்டும் கீறல்போல் பிளவு தெரியும். அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்து அடைத்துத் தேய்த்துவிட்டால் வண்ணத்துக்கு அடியில் மறைந்துபோகும்.

மாதிரிகள் பாதியில் நிற்பது பெரும்பாலும் கயிற்றுவேலையில்தான். காரணம் வரிசைக் குழப்பம். பாய்மரத்திலும் பாயைத் தாங்கும் குறுக்குமரமான பருமலிலும் வரவேண்டிய கப்பிகளை மேசையிலேயே கட்டிவிட வேண்டும். மரத்தை நாட்டியபின் விரல் நுழையாது. பிறகு பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் நிலைக்கயிறுகள், அப்புறம் பாயை இயக்கும் ஓடுகயிறுகள். எப்போதும் உள்ளிருந்து வெளியே, கீழிருந்து மேலே. பக்கக் கயிறுகளை வலம் ஒன்று, இடம் ஒன்று என மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் பாய்மரம் சாய்ந்துவிடும். கட்டியதையெல்லாம் அவிழ்க்க நேரும்.

பக்கக் கயிறுகளுக்குக் குறுக்கே கட்டும் ஏணிக்கயிற்றுக்கு, 6 மி.மீ. இடைவெளியில் கோடிட்ட அட்டையை அவற்றின் பின்னால் செருகிக்கொள்வது நல்லது. முடிச்சை இறுக்கி இழுத்தால் ஓரக் கயிறுகள் உள்வாங்கி, இடுப்பு சிறுத்ததுபோல் ஆகிவிடும். பார்த்தவுடன் கண்ணில் படும் பிழை இதுதான்.

மழைக்கால ஈரத்தில் பருத்தி நூல் இறுகும், ஏர்கான் அறையில் தொய்யும். பளபளப்பில்லாத பாலியெஸ்டர் தையல்நூலைத் தேன்மெழுகில் இழுத்துப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை குறைவு. முடிச்சுக்கு நீர் கலந்த வெள்ளைப் பசை ஒரு துளி போதும். உடனே ஒட்டும் பசை நூலை விறைக்கவைத்து வெள்ளை பூக்கும். பின்னால் தளர்த்தவும் விடாது.

முதல் கப்பலுக்குப் பாய் விரிக்க வேண்டாம். பருமலோடு சுருட்டிக் கட்டிவிடுங்கள். விரித்த பாய், பாடுபட்டுக் கட்டிய கயிற்றில் பாதியை மறைத்துவிடும்.