விரல் அறியும் விசை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

குழித்தறியில் அமரும் நெசவாளி, நெய்யத் தொடங்குமுன் மிதிபலகையின் கயிற்றைத் தம் கால் நீளத்திற்கு ஏற்பக் கட்டிக்கொள்வார். கயிறு தளர்ந்திருந்தால் பாவு சரியாக விரியாது. அளவுக்கு மீறி இறுகியிருந்தால் மாலைக்குள் முழங்கால் நோகும். கருவி ஆளுக்குப் பொருந்த வேண்டும் என்பது பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஆரணியில் எவரும் புத்தகத்தில் படித்து அறிந்த செய்தியன்று. ஆனால், நம்மில் பலர் நாள்தோறும் மணிக்கணக்கில் விரல் வைக்கும் கணினி விசைப்பலகையை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடியே வாங்கி வந்துவிடுகிறோம். அதையும் விரலுக்குப் பொருத்திப் பார்த்து வாங்க முடியும். அதற்குப் பெருஞ்செலவும் தேவையில்லை. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழில் ‘விசை’ என்ற ஒரே சொல் இயற்பியலில் தள்ளுதலையும் இழுத்தலையும், கணினியில் எழுத்துப் பொத்தானையும் குறிக்கிறது. குழப்பம் நேராதிருக்க, இங்கு நாம் தட்டுவதைப் ‘பொத்தான்’ என்றும், அதன் அடியில் இருக்கும் இணைப்பானைச் ‘சுவிட்சு’ என்றும், அதை அழுத்தத் தேவைப்படுவதை ‘விசை’ என்றும் கூறுவேன்.

தட்டச்சுப் பொறி தந்த பழக்கம்

நம் கல்லூரி மாணவ மாணவியரில் பலர் மாலை வேளைகளில் தட்டச்சுப் பயிலகத்திற்குச் செல்கின்றனர் என்பது யாவரும் அறிந்ததே. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வில் தட்டச்சர் பணி பெற, அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் தட்டச்சுச் சான்றிதழ் வேண்டும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய என் போன்றோர்க்கு அச்சான்றிதழ் பட்டத்திற்கு அடுத்த நம்பிக்கை. ஆங்கிலத்தில் இளநிலைக்கு நிமிடத்திற்கு 30 சொற்களும், முதுநிலைக்கு 45 சொற்களும் அடிக்க வேண்டும்.

1955-ஆம் ஆண்டு கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவில் தட்டச்சுப் பொறி செய்யத் தொடங்கியது. அந்த உற்பத்தி நின்று ஆண்டுகள் பல ஆகியும், பயிலகங்கள் பலவற்றில் அத்தகைய பொறிகளின் ஓசை இன்னும் ஓயவில்லை. அப்பொறியில் விரலின் அடியே நெம்புகோல் வழியாகச் சென்று எழுத்துத் தண்டை எறிகிறது. தண்டு நாடாவில் மோதித் தாளில் எழுத்தைப் பதிக்கிறது. மெல்ல அடித்தால் எழுத்து மங்கும். எனவே ஓங்கி அடிக்கக் கற்கிறோம்.

கணினிப் பலகையின் நிலை வேறு. அங்கு விரல் செய்ய வேண்டியது ஒரு மின்னிணைப்பை ஏற்படுத்துவது மட்டுமே. இணைப்பு நேர்ந்த கணத்திலேயே எழுத்து வந்துவிடுகிறது. அதற்குப் பின்னும் தொடரும் அழுத்தம் எழுத்தைக் கருமையாக்குவதில்லை. பலகையின் அடியில் மோதி விரல் நுனிக்கே திரும்புகிறது. சுருங்கச் சொன்னால், பொறியில் வலிமை எழுத்தாகிறது. பலகையில் மிகை வலிமை வீணாகிறது. பொறியில் பழகிய விரல் இதனை அறியாது. அதற்கு உணர்த்த வேண்டியது சுவிட்சின் வேலை.

சுவிட்சின் உள்ளே

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பலகைகளில் பொத்தானுக்கு அடியில் ஒரு ரப்பர்க் குமிழ் உண்டு. அதன் கீழே மின்தடம் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் உள்ளன. குமிழ் நசுங்கி, மேல் தாள் கீழ்த் தாளைத் தொட்டால் எழுத்து வரும். இணைப்பு ஏறத்தாழ அடிமட்டத்தில்தான் நிகழ்வதால், ஒவ்வொரு முறையும் முழுவதும் அழுத்தியாக வேண்டும்.

‘மெக்கானிக்கல்’ எனப்படும் பலகையிலோ பொத்தான் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவிட்சு உண்டு. ஒரு பிளாஸ்டிக் கூடு, அதனுள் இறங்கும் தண்டு, தண்டைத் தாங்கும் சுருள்வில், இரு உலோகத் தகடுகள் ஆகியவை அதன் உறுப்புகள். அமெரிக்காவில் தொடங்கிப் பின்னர் ஜெர்மனியில் வேரூன்றிய செர்ரி நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் கொண்டு வந்த எம்.எக்ஸ். சுவிட்சு இவ்வகையில் முன்மாதிரியானது. அதில் தண்டு மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஆனால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டரிலேயே இணைப்பு ஏற்பட்டுவிடும். மீதிப் பாதி விரலுக்குக் கிடைக்கும் சலுகை. காப்புரிமைக் காலம் முடிந்தபின் கேட்டரான், கெய்ல், அவுட்டெமு முதலிய சீன நிறுவனங்களின் சுவிட்சுகள் பெருகி விலை இறங்கியது. அதனால்தான் இன்று நம் போன்றோர் இதைப் பற்றி நினைக்கவாவது முடிகிறது.

இச்சுவிட்சுகள் மூவகைப்படும்.

முதலாவது சீரான வகை. அழுத்த அழுத்த விசை ஒரே சீராகக் கூடும். இடையில் அடையாளம் ஏதும் இராது. செர்ரியின் சிவப்பு இவ்வகை. இணைப்புப் புள்ளியில் இதன் விசை 45 சென்டிநியூட்டன். ஒரு சென்டிநியூட்டன் என்பது ஏறத்தாழ ஒரு கிராம் எடைக்குச் சமம்.

இரண்டாவது இடைமேடு உள்ள வகை. பாதி வழியில் ஒரு சிறு மேட்டை விரல் உணரும். அதைத் தாண்டியதும் எழுத்து வரும். செர்ரியின் பழுப்பு நிறம் இதற்கு எடுத்துக்காட்டு.

மூன்றாவது சொடுக்கொலி வகை. மேட்டைத் தாண்டும்போது ‘டிக்’ என்ற ஒலியும் கேட்கும். செர்ரியின் நீலம் இவ்வகையைச் சேர்ந்தது. மேட்டைக் கடக்க ஏறத்தாழ 60 சென்டிநியூட்டன் வேண்டும். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் டி.டி.பி. நிலையங்களிலும் காணப்படும் டி.வி.எஸ். கோல்டு பலகையின் ஓசை இதுவே. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி.எஸ். எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் அப்பலகையின் பழைய மாதிரிகளில் செர்ரி நீலச் சுவிட்சுகளே பொருத்தப்பட்டிருந்தன.

பிற நிறுவனங்களும் பெரும்பாலும் இந்த நிற வழக்கையே பின்பற்றுகின்றன. ஆயினும் ஒரே நிறத்தில் விசை நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும். எனவே நிறத்தை மட்டும் நம்பி வாங்குதல் ஆகாது.

ஒரு சிறு கணக்கு

நிமிடத்திற்கு 45 சொல், சொல்லுக்கு 5 தட்டு எனக் கொண்டால் நிமிடத்திற்கு 225 தட்டுகள். ஒரு மணி நேரத்தில் 13,500 தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் 60 கிராம் எனில், விரல்கள் சுமந்ததைக் கூட்டினால் 810 கிலோ வருகிறது. 45 கிராம் எனில் 607½ கிலோ. இடையே உள்ள வேறுபாடு இரண்டு குவிண்டாலுக்கும் மேல்!

வியப்புக்குரிய மறுபக்கமும் உண்டு. சீரான சுவிட்சில் பாதித் தொலைவில் உள்ள விசையே சராசரி விசை. எனவே ஒரு முழுத் தட்டுக்கான வேலை 0.45 நியூட்டன் × 0.004 மீட்டர், அதாவது 1.8 மில்லிஜூல். ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 24 ஜூல். ஒரு கிலோ எடையை இரண்டரை மீட்டர் உயரம் தூக்கும் வேலைதான் இது. அப்படியானால் விரல் ஏன் வலிக்கிறது? இயற்பியலில் ‘வேலை’ எனப்படுவதும் உடல் அறியும் களைப்பும் ஒன்றல்ல. ஒரே சிறு தசை ஓய்வின்றி இயங்குவதும், ஒவ்வொரு தட்டிலும் அடிமட்டத்தில் மோதுவதும், அசையாத மணிக்கட்டை அந்தரத்தில் தாங்குவதும் களைப்பைத் தருகின்றன. ஆகவே மிகக் குறைந்த விசையுள்ள சுவிட்சே சிறந்தது என்று முடிவு கட்டிவிட முடியாது. விரல் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லித் தருவதும் முக்கியம்.

நாணயத் தராசு

நிற்க. இதனை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. 2011-ஆம் ஆண்டு வரிசையைச் சேர்ந்த பித்தளை நிற ஐந்து ரூபாய் நாணயத்தின் எடை 6 கிராம். அதே வரிசையின் ஒரு ரூபாய் 3.79 கிராம். பழைய தடித்த வெள்ளை நிற ஐந்து ரூபாய் 9 கிராம் இருக்கும். இரண்டையும் கலக்கக் கூடாது.

பலகையைக் கணினியுடன் இணைத்து, எழுதும் பக்கம் ஒன்றைத் திறந்து வையுங்கள். நாணயம் பொத்தானைவிட அகலமானது. பக்கத்துப் பொத்தான்களில் இடிக்கும். எனவே பொத்தானின் நடுவில் ஒரு சிறு அழிப்பான் துண்டை வைத்து, அதன்மேல் நாணயங்களை ஒவ்வொன்றாக மெல்ல அடுக்குங்கள். திரையில் எழுத்து தோன்றும்போது நிறுத்தி எண்ணுங்கள். அழிப்பானின் எடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏழு ஐந்து ரூபாயும் ஒரு ரூபாயும் சேர்ந்தால் 45.79 கிராம். செர்ரி சிவப்பின் 45 சென்டிநியூட்டனுக்கு இது மிக நெருங்கிய எடை. நீலத்திற்கோ பத்து நாணயங்களுக்கு மேல் தேவைப்படும். மேடுள்ள சுவிட்சுகளில் இம்முறை மேட்டின் உயரத்தையே அளக்கிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்; மேடு கடந்ததும் தண்டு சட்டென இறங்கிவிடும். ஐந்து பொத்தான்களில் அளந்து சராசரி எடுப்பது நலம். ஆய்வகத்தில் சுருள்வில் பரிசோதனை செய்தவர்களுக்கு இது புதிதன்று.

குறைந்த செலவில் தெரிவு

முதல் வழி, செலவே இல்லாதது. டி.டி.பி. நிலையத்திலோ கணினிக் கடையிலோ உரியவரிடம் கேட்டுப் பத்து நிமிடம் அடித்துப் பார்ப்பது. ஒரு பொத்தானை நாலு முறை அமுக்கிப் பார்ப்பது போதாது. மிக இலேசான சுவிட்சு முதல் தொடுகையில் இனிக்கும். பக்கம் முழுவதும் அடித்தால், ஓய்வாக வைத்த விரலே வேண்டாத எழுத்தைப் பதித்துவிடும். ஒரே பத்தியை இரு பலகைகளில் அடித்து, நேரத்தையும் பிழைகளையும் குறித்து ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, பலவகைச் சுவிட்சுகள் பொருத்திய ‘டெஸ்டர்’ எனும் சிறு தட்டு. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் ஆளுக்குச் சிறு தொகையே ஆகும். உதிரியாகச் சில சுவிட்சுகளை வாங்கித் தெர்மோகோல் துண்டில் குத்தி வைத்தாலும் அதே பயன்தான்.

மூன்றாவது, சுவிட்சுகளைப் பற்றவைக்காமல் பிடுங்கி மாற்றத்தக்க பலகை. இதனை ‘ஹாட் ஸ்வாப்’ என்பர். பலகை ஒன்றே, சுவிட்சு மட்டும் மாறும். சுண்டுவிரல் தட்டும் இடங்களுக்கு இலேசானதும், மற்ற இடங்களுக்குச் சற்றுக் கடினமானதும் பொருத்தலாம். நெசவாளி மிதிக் கயிற்றை மாற்றிக் கட்டுவதற்கு இது ஒப்பாகும்.

நான்காவது, பழைய பொருள். சென்னை ரிச்சி தெருவுக்குச் செல்வோர் பழைய பலகைகளைப் பார்க்கலாம். எல்லாப் பொத்தான்களையும் ஒருமுறை தட்டிப் பார்த்த பின்னரே காசு கொடுக்க வேண்டும்.

ஓசை என்பதையும் மறக்கலாகாது. பொறியில் பழகிய விரலுக்குச் சொடுக்கொலி நல்ல ஆசிரியர். ‘இங்கே நிறுத்து’ என்று ஒவ்வொரு தட்டிலும் கூறும். ஆனால் எங்கள் வீடு போலத் தறியும் பாயும் ஒரே கூடத்தில் உள்ள வீடுகளில், பகலெல்லாம் நெய்து இரவு கண்ணயர்வோருக்கு அந்த ‘டிக்’ ஒலி தொல்லை. அவ்விடத்தில் ஓசையற்ற இடைமேட்டு வகையே பொருந்தும். விரலுக்கு ஏற்றது எது என்பதோடு வீட்டுக்கு ஏற்றது எது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முடிவுரை

தறிக்கும் பலகைக்கும் உள்ள உறவு வெறும் உவமையன்று. 1804-ல் பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஜக்கார்டு அமைத்த கருவியில், அட்டையில் துளை இருந்தால் கொக்கி உயரும், இல்லையேல் உயராது. ‘உண்டு, இல்லை’ என்ற அந்த இரண்டே விடைகளால்தான் ஆரணிப் பட்டின் முந்தானையில் மயில் தோன்றுகிறது. 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் துளையட்டைகளைப் பயன்படுத்தினார். அவர் தொடங்கிய நிறுவனம் பிறவற்றோடு இணைந்து, 1924-ல் ஐ.பி.எம். என்ற பெயரைப் பெற்றது. பொத்தானின் அடியில் இருக்கும் சுவிட்சு கேட்பதும் அதே கேள்விதான்: உண்டா, இல்லையா?

நம் துறையில் ஒரு சிறு மரப்பலகையில் மூவகைச் சுவிட்சுகளையும், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நாணயங்களையும் வைத்தால் போதும். சுருள்வில்லின் விதியை மாணவர் விரலாலேயே கற்பர். தட்டச்சுத் தேர்வுக்குச் செல்வோர் தமக்கு ஏற்றதைத் தெரிந்துகொள்வர். பேராசிரியப் பெருமக்கள் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டுகிறேன். தன் விரல் தாங்கும் விசை எவ்வளவு என்று அறிந்தவனை விளம்பரம் ஏமாற்ற முடியாது. கையில் காசு குறைவாக உள்ள நமக்கு அந்த அறிவே முதற்பொருள்.