பனியாறும் அடித்தள உராய்வும்

பெரம்பலூரும் அரியலூரும் கடற்கரையற்ற மாவட்டங்கள். ஆயினும் அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையில் பதிந்த சிப்பிகளும், சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரமும் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்குக் கடல் பரந்திருந்தமைக்குச் சான்று பகர்கின்றன. இப்பாறைகளை ஆராய்ந்து 1862இல் நூல் வெளியிட்டவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. அவரே தம் தமையனார் வில்லியம் முதலியோருடன் 1856இல், ஒடிசாவின் தால்சேர்ப் பாறைகளில் தொல்பழம் பனியின் செயலைக் கண்டுரைத்தவர். கடலேற்றத்தையும் பனியையும் அவர் ஆய்வில் ஒருங்கே கண்ட நாம், இன்று அவ்விரண்டையும் இணைக்கும் உராய்வு குறித்துச் சிறிது ஆராய்வோம்.

கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் நிலத்தில் திரண்ட பனி, தன் எடையாலேயே கடல்நோக்கி நகர்கிறது. அடித்தரையின் உராய்வும் பக்கங்களின் பிடிப்பும் அதனைத் தடுக்கின்றன. அடியில் உருகுநீர் தேங்கி அழுத்தம் மிகுமாயின், பனி சற்றே தூக்கப்பெற்று உராய்வு குறையும், வேகம் கூடும். நனைந்த கரிசல் வழியில் சுண்ணாம்புக்கல் லாரியின் சக்கரம் பிடிப்பிழந்து வழுக்குவது இதற்கு ஓரளவு ஒப்பாகும். நீர் தனக்கென வாய்க்கால் அறுத்து வடிந்துவிடின் பிடிப்பு மீளும். எனவே நீரின் அளவைவிட, அது தேங்குகிறதா வடிகிறதா என்பதே முதன்மையானது.

கடலில் முடியும் பனியாற்றின் முகப்பு, மிதக்கும் நிலையை ஒட்டியே தரையைத் தொட்டு நிற்கிறது. அங்கே பிடிப்புத் தளர்ந்தால் சுமை மேற்புறப் பனியின்மேல் விழும். அப்பனி இழுபட்டு மெலியும், மெலிந்தது மிதக்கும், மிதந்தது மேலும் பிடிப்பிழக்கும். இவ்வாறு முகப்பின் மாற்றம் உள்நாடு வரை பரவுகிறது. கிரீன்லாந்தின் யாக்கோப்சாவன் பனியாற்றில் முகப்பின் மிதக்கும் பனிநாக்கு உடைந்தபோது, ஆண்டுக்கு 6 கி.மீ. அளவாயிருந்த வேகம் 2003இல் 12 கி.மீ.யைக் கடந்தது. 2016க்குப்பின் குளிர்ந்த கடல்நீர் வரவே, அது சில ஆண்டுகள் தணிந்தது.

அண்டார்க்டிகாவின் த்வைட்ஸ் பனியாற்றின் அடித்தரையோ, உள்நோக்கிச் செல்லச்செல்ல ஆழமாகிறது. அது பின்வாங்குந்தோறும் மேலும் தடிப்பான பனி கடலை எதிர்கொள்ளும். அது முற்றும் அழியின் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 65 செ.மீ. உயரும் என மதிப்பிட்டுள்ளனர்.

அரியலூரின் தெற்கெல்லையாக ஓடும் கொள்ளிடம் பழையாற்றருகே கடலில் கலக்கிறது. கடல் உயர்ந்தால் அம்முகத்துவாரத்தின் வழியே உவர்நீர் மேலேறும். கழனியும் குடிநீர்க் கிணறும் கெடும். கண்காணாத் துருவத்தில், கண்ணுக்குப் புலனாகாப் பனியடியில் நிகழும் உராய்வு நம் உழவரின் வாழ்வையும் தொடுகிறது என உணர்வோமாக.