கச்சேரி அறிக்கையில் செவிச் சான்று

தமிழ்த்துறை மாணவர், தாம் நேரில் கேட்ட கருநாடக இசைக் கச்சேரியைப் பற்றி எழுதும் அறிக்கை பெரும்பாலும் பாடப்பட்ட உருப்படிகளின் பட்டியலாக நின்றுவிடுகிறது. இராகம், தாளம், இயற்றியவர் ஆகியவற்றை அரங்கிற்குச் செல்லாதவரும் நிகழ்ச்சி நிரலைக் கொண்டு எழுதிவிடலாம். அன்றைய கச்சேரிக்கே உரியதை, இசைப்பயிற்சி இல்லாத மாணவர் சான்றுடன் பதிவுசெய்ய இயலுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

புகழுரைக்கு முன் விவரம் என்னும் வரிசை தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் முதலியோரின் தகுதிகளையும், ஏழு கோல் அகலமும் எட்டு கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடைய அரங்கின் அமைப்பையும் கூறிய பின்னரே மாதவியின் ஆடலுக்கு வருகிறது. காப்பியத்தை அறிக்கை எனக் கொள்ளல் பொருந்தாது. அவ்வரிசை மட்டும் இங்குக் கொள்ளத்தக்கது. பிற்காலத்தில் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் கல்கி எழுதிய இசை விமரிசனங்கள் பொது வாசகரைச் சென்றடைந்தன. அவற்றின் எள்ளலை மட்டும் பின்பற்றுவது மாணவர்க்குப் பயன் தராது.

தமிழ் மாணவரின் செவி தனித்தகுதி பெறும் இடம் நிரவல். பாடலின் ஓர் அடியைத் தேர்ந்து, அதன் சொற்களைத் தாளத்தில் அவற்றிற்குரிய இடங்களில் ஏறத்தாழ நிறுத்தியவாறே இசையை மட்டும் புதிது புதிதாக விரிப்பது நிரவலாகும். சொல் எங்குப் பிளந்தது, குறில் நெடிலாக ஒலித்ததா, மூச்சு வாங்கிய இடம் பொருள் முடியும் இடத்தோடு பொருந்தியதா என்பன யாப்பு பயின்றவர்க்கு எளிதில் புலப்படும். 'நிரவல் சிறப்பாக இருந்தது' என்னும் தொடர் எதனையும் நிறுவுவதில்லை. 'அடியின் இரண்டாம் சொல் முதல் மூன்று சுற்றுகளில் இரண்டாகப் பிரிந்தது. நான்காம் சுற்றில் ஒரே மூச்சில் முழுமையாக ஒலித்தது' என்னும் தொடர் சான்றாகிறது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றக் காரணமான தமிழிசை இயக்கம், கேட்போர்க்குப் பாடலின் பொருள் விளங்கவேண்டும் என வலியுறுத்தியது. தமிழ்ப் பாடல் மேடையேறுவதால் மட்டும் அக்கோரிக்கை நிறைவேறிவிடுவதில்லை. சொல் சிதையின் பொருளும் சிதையும். இதனை ஆராய மாணவரின் இத்தகைய குறிப்புகளே மூலத்தரவாகும்.

இராகத்தைப் பொறுத்தவரை ஊகம் தீது. பைரவி, முகாரி இரண்டிலும் இருவகைத் தைவதங்களும் வருகின்றன. ஆரோகணத்தில் பைரவி காந்தாரம் பெறும், முகாரி பெறாது. இவ்வேறுபாட்டைச் செவியால் உணர இயலாதவர் பெயரைத் துணிந்து எழுதுவதைவிட, 'அருகிருந்தோர் பைரவி என்றனர்' எனக் குறிப்பதே நேர்மை. தாளம் அத்துணை அரிதன்று. ஆதிதாளத்தின் எட்டு எண்ணிக்கையைக் கையால் போட்டுக்கொண்டே, பாடல் தட்டோடு தொடங்கியதா, சற்றுத் தள்ளித் தொடங்கியதா என்று எவரும் குறிக்கலாம். தனியாவர்த்தனத்தில் அவ்வெண்ணிக்கை தவறிப்போனால், தவறிய இடத்தையும் எழுதிவைத்தல் வேண்டும். ஆலாபனையை ஏற்று வாசிக்கும் வயலின், பாடகர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்ததா, வேறோர் இடத்தில் தொடங்கியதா என்பதும் நிகழ்ச்சி நிரலில் இராது.