மானேசரில் பிறந்த நிசான்

லண்டனில் சின்னக் கார் ஒன்று வாங்கப்போகிறேன் என்று நம்மவரிடம் சொன்னால் போதும், காரைப் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும். பழைய நிசான் பிக்ஸோ ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன் என்றபோது மைத்துனர் சொன்னார்: "அத்தான், அது நிசானே இல்லை. இந்தியாவில சுசுகிக்காரன் செய்த காருக்கு நிசான் எண்டு பேரை ஒட்டி விக்கிறாங்கள். அதை வாங்கிப்போட்டு பாட்ஸுக்கு எங்கை அலையப்போறியள்?"

அவர் சொன்ன தகவல் சரியானது. ஹரியானாவில் மானேசர் என்ற ஊரிலுள்ள மாருதி சுசுகி தொழிற்சாலையில் செய்த கார் அது. இந்தியாவில் மாருதி ஏ-ஸ்டார், பிரித்தானியாவில் சுசுகி அல்ட்டோ, முன்பக்கத்தைக் கொஞ்சம் மாற்றினால் நிசான் பிக்ஸோ. 2009 முதல் 2013 வரை ஐரோப்பாவில் விற்றார்கள். மூன்றிலும் ஒரு லீற்றர் அளவிலான மூன்று சிலிண்டர் எஞ்சின். ஆனால் இந்தத் தகவலிலிருந்து "ஆகவே வாங்காதே" என்ற முடிவுக்கு எப்படிப் போவது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. நான் அதை வாங்கினேன், பல வருடமாக மனைவியும் நானும் மாறி மாறி ஓட்டுகிறோம். இப்படிப்பட்ட காரில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்று இந்த வருடங்களில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் 'இந்தியாவில் செய்தது' என்ற பயம். முதல் தலைமுறை ஹுண்டாய் ஐ10 இங்கே எத்தனை வீட்டு வாசல்களில் நின்றது! அது சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் செய்த கார். அதை யாரும் சந்தேகத்தோடு பார்த்ததில்லை, ஏனென்றால் அது எங்கே செய்தது என்று யாரும் கேட்கவில்லை. பெயர் மாற்றி விற்பதும் அப்படித்தான். ரொயோட்டா அய்கோ, பெஜோ 107, சிட்ரோயன் சி1 மூன்றும் செக் நாட்டின் கோலின் நகரில் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்தவை. இலங்கையில் மாருதியில் ஏறி வளர்ந்த நாங்களே லண்டனுக்கு வந்தபின் மாருதி என்றதும் முகம் சுளிப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சந்தேகத்துக்கு நியாயமான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அது தெரிய சிட்டிரோவரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். சின்னக் கார் ஒன்றைச் சொந்தமாக உருவாக்கப் பணமில்லாத எம்ஜி ரோவர் நிறுவனம், 1998-ல் அறிமுகமான டாட்டா இண்டிகாவைப் புனேயிலிருந்து வரவழைத்து, 2003-ல் சிட்டிரோவர் என்று பெயரிட்டு விற்கத் தொடங்கியது. ஆரம்ப விலை 6,495 பவுண். 1.4 லீற்றர் எஞ்சின் தாராளமான வலு உள்ளது, உள்ளே இடமும் போதுமானது. ஆனால் அந்தப் பணத்துக்கு அதே ஆண்டில் வந்த புதிய ஃபியட் பாண்டாவை வாங்கலாம். இந்திய விலைக்காக வடிவமைத்த ஒரு காரை ஐரோப்பிய விலைக்கு விற்றார்கள், இடையிலிருந்த தூரத்தை ரோவர் என்ற பெயர் நிரப்பும் என்று நம்பினார்கள். பிபிசியின் 'டொப் கியர்' நிகழ்ச்சிக்கு ஓட்டிப் பார்க்கக் கார் தர மறுத்தார்கள். ஜேம்ஸ் மே வாடிக்கையாளர் போலக் காட்சியறைக்குப் போய் இரகசியமாகப் படம்பிடித்துக் கடுமையாக விமர்சித்தார். விற்பவரே காட்டத் தயங்கும் காரை வாங்குபவர் இருமுறை யோசிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய அடி 2005 ஏப்ரலில் விழுந்தது. எம்ஜி ரோவர் நிறுவனமே மூழ்கியது. அதன் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள், கார் வைத்திருந்தவர்கள் தயாரிப்பாளரின் உத்தரவாதத்தை இழந்தார்கள். புனேயில் இண்டிகாவைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் பர்மிங்ஹாமில் கார் வாங்கியவருக்கு அதனால் என்ன பயன்? அவர் நம்பிக் கையெழுத்து வைத்தது ரோவரிடம்.

ஆகவே பெயர் மாற்றிய காரை வாங்குமுன் நான் கேட்கும் முதல் கேள்வி, பெயர் கொடுத்தவர் நிலைத்து நிற்பாரா என்பது. இரண்டாவது, காரைச் செய்தவரும் இதே நாட்டில் கடை வைத்திருக்கிறாரா என்பது. பிக்ஸோவில் இரண்டுக்கும் ஆம் என்ற பதில் கிடைத்தது. நிசான் நின்றாலும் போனாலும் அதே பாகங்களைச் சுசுகி இங்கே விற்கிறது. சிட்டிரோவருக்கு இந்த இரண்டாவது கதவு இருக்கவில்லை.

அந்த இரண்டாவது கதவு எனக்கு உதவிய விதத்தைச் சொல்ல வேண்டும். முன் பிரேக் டிஸ்குகள் தேய்ந்து மாற்றும் காலம் வந்தபோது, பக்கத்துக் கராஜ்காரர் கணினியில் பிக்ஸோ என்று தட்டிப் பார்த்துவிட்டு, "இது ஓடர் பண்ண வேணும், நாளாகும்" என்றார். பாகங்கள் விற்கும் இன்னொரு கடைக்குப் போய், 2009-க்குப் பிந்தைய அல்ட்டோவுக்கு வேண்டும் என்று கேட்டேன். அன்றே கையில் கிடைத்தது. அல்ட்டோ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது, அதற்கு முந்தைய அல்ட்டோ வேறு எஞ்சின் கொண்ட வேறு கார். ஆண்டையும் எஞ்சின் அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள், கழற்றிய பழைய பாகத்தையும் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலையையும் இரண்டு பெயர்களிலும் விசாரியுங்கள். ஒரே பொருளுக்கு இரண்டு விலை இருப்பது இந்தத் தொழிலில் சாதாரணம்.

வாங்கும் விலையிலும் இதே விளையாட்டு உண்டு. பிக்ஸோவைப் பலருக்குத் தெரியாது, தெரியாத பெயரை விற்பவர் இறங்கித்தான் வருவார். அதே வயது, அதே மைல் ஓடிய அல்ட்டோவின் விலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினேன். நீங்கள் விற்கும் நாளில் அதே தெரியாத பெயர் உங்களுக்கு எதிராக நிற்கும். ஆகவே ஓட்டித் தீர்க்கிறவருக்குத்தான் இப்படிப்பட்ட கார் இலாபம். இரண்டு வருடத்தில் மாற்ற நினைப்பவர் தெரிந்த பெயருக்கே போகட்டும்.

சந்தேகப்பட வேண்டிய அடுத்த விஷயம், மலிவு எங்கிருந்து வந்தது என்பது. பிக்ஸோவின் பின் கண்ணாடிகள் கீழே இறங்காது, ஓரமாகக் கொஞ்சம் விரியும், அவ்வளவுதான். டிக்கியின் கொள்ளளவு 129 லீற்றர். கோயில் திருவிழாவுக்குப் போகும் குடும்பத்தின் பைகள் அதில் அடங்காது. இவை கண்ணுக்குத் தெரியும் குறைப்புகள், மன்னிக்கலாம். கண்ணுக்குத் தெரியாதது பாதுகாப்பு. 2009-ல் யூரோ என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் இந்தக் கார் ஐந்துக்கு மூன்று நட்சத்திரமே வாங்கியது. வழுக்கும் வீதியில் காரைத் தடம் மாறாமல் பிடிக்கும் ஈஎஸ்பி வசதி குறைந்த விலை மொடல்களில் இல்லை. ஐரோப்பாவில் எல்லாப் புதிய கார்களிலும் ஈஎஸ்பி கட்டாயமானது 2014 நவம்பரில்தான், ஆகவே அதற்கு முந்தைய எந்த மலிவுக் காரிலும் இதைத் தனியாகக் கேட்டு உறுதிப்படுத்துங்கள். எங்கள் கார் மனைவி வேலைக்குப் போக, பிள்ளைகளைப் பள்ளியில் விட, நகருக்குள் ஓடுகிறது. பிள்ளைகளோடு மோட்டர்வேயில் நீண்ட பயணம் போக நான் அதை எடுப்பதில்லை.

காகித வேலையைச் சோம்பல் படாமல் செய்யுங்கள். சேசிஸ் எண்ணின் முதல் எழுத்துகளே கார் எந்த நாட்டில் செய்தது என்று சொல்லிவிடும். எம்ஓடி எனும் வருடாந்தத் தகுதிச் சோதனைகளில் முன்பு எதில் தோற்றது, எதை எச்சரித்தார்கள் என்பதை அரசாங்க இணையத்தில் பதிவெண் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். திருத்தத்துக்காகத் திருப்பி அழைத்த கார்களின் விபரமும் அங்கேயே உண்டு. 2010 பெப்ரவரியில் மாருதி, எரிபொருள் கசியும் வாய்ப்பு இருப்பதாக ஏறக்குறைய ஒரு லட்சம் ஏ-ஸ்டார் கார்களைத் திருப்பி அழைத்தது. ஏற்றுமதியானவையும் அதில் அடக்கம். பெயர் மாறிய காருக்கு இது முக்கியம். அழைப்பு ஒரு பெயரில் செய்தியாகும், உங்கள் வாசலில் நிற்பதோ இன்னொரு பெயர். கையேட்டிலுள்ள பெயரை மட்டும் தேடாமல், உடன்பிறந்த பெயர்கள் எல்லாவற்றையும் தேடுங்கள்.

வாகன வரியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கையால் கியர் மாற்றும் பிக்ஸோ கிலோமீற்றருக்கு 103 கிராம் கரியமிலவாயு வெளியிடுவதால் ஆண்டுக்கு 20 பவுண் மட்டுமே கட்டிவந்தோம். ஓட்டோமட்டிக் என்றால் கூடும்.

இப்போது இளையவர்கள் என்னிடம் கேட்பது டாசியா ஸ்பிரிங் பற்றி. சீனாவின் ஷியான் நகரில் செய்து வரும் மின்சாரக் கார், 2024-ல் பிரித்தானியாவுக்கு 14,995 பவுண் ஆரம்ப விலையில் வந்தது. அதன் அடிப்படை, ரெனோ இந்தியாவுக்காக உருவாக்கிச் சென்னை ஒரகடத்தில் செய்யத் தொடங்கிய க்விட். மைத்துனர் கேட்ட அதே கேள்விகள் மீண்டும் வருகின்றன. சீனாவில் செய்தது என்பதற்காக அதை நான் தள்ளமாட்டேன். டாசியாவின் பின்னால் ரெனோ நிற்கிறது, உத்தரவாதத்தைப் பற்றியும் எனக்குப் பயமில்லை. ஆனால் 2021-ல் யூரோ என்கேப் அதற்குக் கொடுத்தது ஒரே ஒரு நட்சத்திரம். தனியாக, நகருக்குள் மட்டும் ஓடுபவர் யோசித்து வாங்கலாம். பின் சீட்டில் பிள்ளைகளை ஏற்றுபவர், அதே பணத்துக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கிய பழைய கார் ஒன்றைத் தேடுங்கள்.