வெட்டிய பகுதி எங்கே போகிறது?

கணிப்பொறி விளையாட்டைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். விடுதியில் இரவு பதினொரு மணிக்குக் கொழிஞ்சாம்பாறை மாணவரும் மூணாறு மாணவரும் எதைப் பற்றி வாதாடுகின்றனர் என்பதை அறிந்தோர் நகைக்க மாட்டார்கள். விலை கொடுத்து வாங்கிய விளையாட்டில் இருக்க வேண்டிய பகுதி இல்லையே என்னும் ஆற்றாமை இன்று உலகெங்கும் கேட்கிறது. அதில் நியாயம் எவ்வளவு என்று காண்பதற்கு, வெட்டுதல் என்பது எவ்வாறு நடைபெறுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

புத்தகத்தில் ஓர் அத்தியாயத்தை நீக்கினால் தாள் குறைகிறது. விளையாட்டு அத்தகையதன்று. அது பல்லாயிரம் சிறு கோப்புகளால் ஆனது. ஒன்று மற்றொன்றை அழைக்கும். அந்த மற்றொன்று வேறு பத்தை அழைக்கும். ஒன்றைப் பிடுங்கிவிட்டால், அதை அழைப்பது திகைத்து நின்றுவிடும், விளையாட்டே முடங்கும். ஆகவே, வெளியீட்டு நாள் நெருங்கிய வேளையில் பொறியாளர் பெரும்பாலும் பொருளை அகற்றுவதில்லை; அதற்குச் செல்லும் வழியை மட்டும் அடைத்துவிடுகின்றனர். ஓர் அறையை இடிக்காமல் அதன் வாசலில் செங்கல் வைத்துப் பூசுவது போன்றது இது. உள்ளே கட்டிலும் விளக்கும் அப்படியே இருக்கும்.

அடைத்த சுவரைத் தட்டிப் பார்ப்போரும் உளர். 2005-இல் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்’ விளையாட்டில் மறைத்து வைத்திருந்த ஆபாசப் பகுதி அவ்வாறே வெளிப்பட்டது, அமெரிக்காவில் அதன் தரச் சான்று வயது வந்தோர்க்கு மட்டும் என்று மாற்றப்பட்டது. அதைவிடச் சுவையானது ‘நைட்ஸ் ஆஃப் தி ஓல்டு ரிபப்ளிக்’ வரிசையின் இரண்டாம் பாகம். 2004 டிசம்பரில் அவசரமாக வெளிவந்த அதன் கதை முடிவு அரைகுறையாக நின்றது. ஆனால், பேசிப் பதிவு செய்த குரல்கள் கோப்புகளுக்குள் கிடந்தன. ரசிகர்கள் ஊதியமின்றிப் பல ஆண்டுகள் உழைத்து அவற்றை இணைத்தனர். 2022-இல் ஸ்விட்ச் கருவிக்கு அவ்விளையாட்டை விற்ற நிறுவனம், இந்த மீட்டெடுத்த பகுதியும் பின்னர் வரும் என்று அறிவித்தது. 2023 ஜூனில் வராது என்று கைவிரித்தது. வழக்கும் எழுந்தது. இங்கே ரசிகர் பக்கமே நியாயம் என்பேன். தருவதாகச் சொல்லி விற்ற பின் தராதது அது.

போக்கிமான் செய்தி இவ்வளவு எளிதன்று. 1996-இல் ஜப்பானில் 151 உயிரினங்களோடு தொடங்கிய வரிசை இது. அவற்றை எல்லாம் பிடித்துச் சேர்ப்பதே விளையாட்டின் உயிர். 2019 ஜூனில் ஜுனிச்சி மசுதா, புதிதாக வரும் ‘சுவோர்டு’, ‘ஷீல்டு’ இரண்டிலும் எல்லா உயிரினங்களும் இடம்பெறா என்று அறிவித்தார். ஏறத்தாழ 890 வகைகளில் பாதிக்கும் குறைவானவையே முதலில் வந்தன. உருவத்தின் தரம், போட்டியின் சமநிலை, காலக் குறைவு ஆகியவை காரணம் எனப்பட்டன.

இதற்கா இத்தனை கூக்குரல் என்று கேட்கலாம். 2003-இல் ஒரு சிறுவன் பிடித்த உயிரினத்தைக் கருவிக்குக் கருவி மாற்றிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உடன் கொண்டுவர அந்நிறுவனமே வழிசெய்திருந்தது. அவன் வளர்ந்து ஆளாகிவிட்டான். உயிரினமும் உடன் வந்தது. நம் எல்லைப்புறத்தார்க்கு ஒன்று சொன்னால் விளங்கும். ஆண்டுதோறும் வாளையார் சோதனைச்சாவடி வழியே ஒருவர் தம் பசுவை ஓட்டிச் செல்கிறார். ஒரு நாள் காலையில், ‘உம் பசு இவ்வாண்டுப் பட்டியலில் இல்லை’ என்கின்றனர். பசு சாகவில்லை, ஆனால், அதனோடு அக்கரை செல்ல முடியாது. இங்கு அறையை அடைக்கவில்லை. அறையைக் கட்டவே இல்லை. ஆகையால் சுவரைத் தட்டிப் பயனில்லை. புதிதாகச் செய்து தருவதற்கு உழைப்பு வேண்டும் என்பது மெய்; அதை நான் மறுக்கவில்லை. பழகியதைப் பிரித்தல் வேறு என்பதே என் கருத்து. சினம் விற்பனையைத் தடுக்கவில்லை. முதல் வார இறுதியிலேயே அறுபது இலட்சம் விற்றன. 2020-இல் இரு விரிவுப் பகுதிகள் விலைக்கு வந்தபோது பல உயிரினங்கள் மீண்டன. விரிவை வாங்காதவரும் அவற்றைக் கொண்டுவர இலவசமாக வழிவிட்டனர். எல்லாம் மீளவில்லை.

நம் நாட்டிலோ வெட்டு வேறு வகை. 2020 செப்டம்பர் 2-ஆம் நாள் அரசு ‘பப்ஜி மொபைல்’ விளையாட்டைத் தடை செய்தது. 2021 ஜூலையில் அது ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்னும் பெயரில் வந்தது. சிவந்த குருதி பச்சையாயிற்று; பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் என வரையறுத்தனர். துப்பாக்கி இருந்தது! 2022 ஜூலை 28-இல் அதுவும் கடைகளிலிருந்து மறைந்தது. 2023 மே மாதம் திரும்பியது. இடையில் புதிதாகப் பெற வழியில்லை. ஆனால், முன்பே கைப்பேசியில் வைத்திருந்தோர் ஆடிக்கொண்டுதான் இருந்தனர். அங்கும் அடைத்தது வாசலை மட்டுமே.