பாடம்: உப்புத் தண்ணி வேறு, கெட்ட தண்ணி வேறு



பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் போகும்போதெல்லாம் கேட்கிற பேச்சு இது: "போர் தண்ணி ஒரே உப்பு. சோப்பு நுரைக்க மாட்டேங்குது, பருப்பு வேக மாட்டேங்குது." இப்போது தண்ணீர் மெஷின் வாங்க உள்கடன் கேட்டும் விண்ணப்பங்கள் வருகின்றன. கடன் கேட்பது உறுப்பினரின் உரிமை. ஆனால் எந்த நோய்க்கு எந்த மருந்து என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவோம். அதற்குத்தான் இந்தப் பாடம்.

1. உப்புத் தண்ணி என்றால் என்ன?

மழைநீர் மண்ணிலும் பாறையிலும் இறங்கும்போது கால்சியம், மக்னீசியம் என்ற தாதுக்களைக் கரைத்துக்கொள்கிறது. இவை அதிகமானால் அது கடின நீர். நாக்கில் கரிப்பது வேறு, அது சாப்பாட்டு உப்பு வகை. நம் பகுதி போர்களில் பல இடங்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டு குடிநீர்த் தரப்படி, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு.

2. வீட்டிலேயே பார்க்கலாம்

ஒரே அளவு பாட்டில் இரண்டு எடுங்கள். ஒன்றில் மழைத் தண்ணீர், மற்றதில் போர் தண்ணீர், இரண்டிலும் அரை பாட்டில். குளிக்கிற சோப்பை மிளகு அளவு கிள்ளி இரண்டிலும் போட்டு, இருபது தடவை குலுக்குங்கள். நுரை பொங்கினால் மென்னீர். நுரை வராமல் திரிதிரியாக அழுக்கு மிதந்தால் கடின நீர். துணி பவுடர் போட்டுப் பார்க்காதீர்கள், அது கடின நீரிலும் நுரைக்கும்.

3. உடம்புக்குக் கெடுதலா?

கடினத்தன்மைக்கு என்று உடல்நல வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை. கால்சியம், மக்னீசியம் உடம்புக்குத் தேவையானவைதான். சிறுநீரகக் கல் இதனால்தான் வருகிறது என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இல்லையே என்று நாள் முழுக்கத் தண்ணி குடிக்காமல் இருக்கிறோமே, அதுதான் கல் உண்டாக வழி செய்யும்.

கடின நீரால் நஷ்டம் பர்சுக்குத்தான்: சோப்பு கூடுதல், கேஸ் கூடுதல், ஹீட்டர் கம்பியில் வெள்ளைப் படிவு.

4. கெட்ட தண்ணி எது?

பளிச்சென்று, ருசியாக இருக்கும் தண்ணீரிலும் கிருமி இருக்கலாம். குழாய்த் தண்ணீர் முறை வைத்து வருகிறது. வராத நேரத்தில் குழாய் காலியாக இருக்கும். அப்போது விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடை உள்ளே இழுக்கப்படும். வாந்தி, பேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலை இப்படித்தான் வருகின்றன. இதற்காகத்தான் குளோரின் போடுகிறார்கள். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது அது மிச்சமிருக்க வேண்டும். லேசான மருந்து வாடை வந்தால் பயப்பட வேண்டாம்.

5. மெஷின் விற்க வருகிறவர்

சிலர் உங்கள் தண்ணீரில் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுப்பார்கள். தண்ணீர் செம்பழுப்பாகிவிடும். "பாருங்கம்மா, இதையா பிள்ளைக்குக் கொடுக்கறீங்க?" என்பார்கள். அந்த நிறம் அவர்கள் விட்ட இரும்புக் கம்பியின் துரு. தாது உள்ள தண்ணீரில் கரண்ட் பாயும், கம்பி கரையும். மெஷின் தண்ணீரில் தாது குறைவு, அதனால் நிறம் மாறாது. தண்ணீர் கெட்டது என்பதற்கு இது சாட்சி இல்லை.

ஆர்.ஓ. மெஷின் தாதுவைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் ஒரு குடம் எடுக்க இரண்டு மூன்று குடம் வெளியே போகும். வருஷாவருஷம் உள் பாகம் மாற்றும் செலவும் உண்டு. தவணையோடு அதையும் கூட்டிப் பாருங்கள்.

6. எதற்கு எது?

* கிருமிக்கு: தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விட்டு, மூடி ஆற வைத்துக் குடியுங்கள்.
* பருப்பு வேக: கொதித்து ஆறி அடியில் படிந்த பின், மேல் தண்ணீரை எடுங்கள். கடினத்தன்மையில் ஒரு பகுதி மட்டும் இப்படிக் குறையும்.
* துணிக்கு: அலசும் தண்ணீரில் கொஞ்சம் சலவை சோடா.
* கலங்கலுக்கு: படிகாரம். உப்பையோ கிருமியையோ இதை நம்பி விட வேண்டாம்.
* புளோரைடு, நைட்ரேட்: கொதிக்க வைத்தாலும் போகாது. பரிசோதனையில்தான் தெரியும்.

7. கூட்டத்தில் பேசுவோம்

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் உள்ளன. வீட்டுக்கு ஒருவராக அலைவதைவிட, தெருவுக்கு ஒரு போர் என்று குழுவே கட்டணம் பங்கிட்டுக் கொடுக்கலாம். கிருமிச் சோதனைக்குக் கூடத்தில் தரும் சுத்தப் பாட்டிலிலேயே பிடித்து, அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும்.

அ) நம் தெருவில் இந்த மாதம் எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு?
ஆ) எந்த இடத்தில் குழாய் சாக்கடைக்குள் போகிறது?
இ) மேல்நிலைத் தொட்டியை எப்போது கழுவினார்கள்?

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். குழாய் விரிசலை அடைக்க நாம் கடன் வாங்க வேண்டியதில்லை, கேட்டு வாங்க வேண்டியதுதான். மெஷின் கடன் விண்ணப்பத்தைப் பரிசோதனை முடிவு கைக்கு வந்த பிறகு எடுத்துக்கொள்வோம்.